குழலை மடக்கும் ஒற்றைக் குண்டு ஏர் ரைஃபிள்: ஏழு வாரச் சோதனையும் சீரமைப்பும்

கடந்த பிப்ரவரி முதல் வாரத்தில் என் தங்கை மகன் புத்தம் புதிய ஏர் ரைஃபிள் ஒன்றைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான். வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. "மாமா, இது நமக்குச் சரிப்படாது. எங்க குறி வச்சாலும் அது இஷ்டத்துக்குப் போவுது. திருப்பிக் குடுத்திருவோமா?" என்று கேட்டான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவன் காகிதக் குறியில் சுட்டுப் பழகுவதற்காகப் பல மாதம் பணம் சேர்த்து அதை வாங்கியிருந்தான். தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டர் பிரிவில் பாடம் நடத்திய எனக்கு, அளந்து பார்க்காத ஒரு கருவியைக் குறை சொல்வது சரியாகப் படவில்லை. ஏழு வாரம் என்னிடம் விட்டு வைக்கும்படியும், ஞாயிறுதோறும் தானும் வந்து சுட வேண்டும் என்றும் சொன்னேன். அந்த ஏழு வாரங்களில் என்ன அளந்தோம், எதை மாற்றினோம், எதை மாற்றாமல் விட்டோம் என்பதை என் குறிப்பேட்டிலிருந்து இங்கே எழுதுகிறேன்.

துப்பாக்கி வந்த அட்டைப் பெட்டியின் மேல் வேட்டைக்கு உகந்தது என்ற பொருளில் ஒரு வாசகமும் ஓடும் மானின் படமும் இருந்தன. அதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வேட்டையைத் தடை செய்கிறது. தீங்குயிரிகள் என்று காகத்தையும் எலியையும் தனியே வைத்திருந்த பட்டியலும் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீக்கப்பட்டுவிட்டது. சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு வலசை வரும் பறவைகளைப் பார்த்து வளர்ந்த நான், ஏர்கன் வைத்திருக்கும் பையன்களிடம் முதலில் கேட்பது இந்தச் சட்டம் தெரியுமா என்பதைத்தான். இந்தச் சோதனையில் சுடப்பட்டவை காகிதமும் களிமண்ணும் மட்டுமே. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்கும் குழல் வாயில் வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இந்தத் துப்பாக்கி 4.5 மி.மீ. வகை. அதன் ஆற்றல் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறதா என்பதையும் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் நாங்களே அளந்தோம். அதைப் பின்னால் விவரிக்கிறேன்.

இவ்வகைத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்பதை அறியாமல் அதைச் சீர்செய்ய இயலாது. குழலைக் கீழ்நோக்கி மடக்கும்போது ஒரு நெம்புகோல் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி, வலிய சுருள்வில் ஒன்றை அமுக்கி, விசையின் கொக்கியில் மாட்டி வைக்கிறது. திறந்திருக்கும் குழலின் பின்வாயில் பெல்லட் எனப்படும் ஈயக் குண்டு ஒன்றே ஒன்றை வைத்து மூட வேண்டும். அடுத்த சூட்டுக்கு இதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டும். விசையை இழுத்ததும் விடுபடும் சுருள்வில் பிஸ்டனை முன்னோக்கி எறிகிறது, பிஸ்டன் தன் முன்னாலுள்ள காற்றை நொடியில் நெருக்குகிறது, அந்த அழுத்தம்தான் பெல்லட்டைக் குழலுக்குள் தள்ளுகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே நகர்கிறது. பிஸ்டன் காற்று மெத்தையில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னே குதிக்கிறது. இந்த இரண்டு அசைவும் பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. வெடிமருந்துத் துப்பாக்கியில் பின்னுதைப்பு மட்டுமே உண்டு, சுருள்வில் துப்பாக்கியிலோ இரு திசையிலும் உதைப்பு உண்டு. திருகாணி இளகுவதும், தொலைநோக்கி நகர்வதும், பிடிக்கும் முறைக்கேற்பக் குறி மாறுவதும் எல்லாம் இந்த இரட்டை உதைப்பிலிருந்து பிறப்பவையே.

முதல் அளவு

வீட்டுக்குப் பின்னாலுள்ள விளையில் ரப்பர் ஷீட் உலர்த்தும் நீளமான கொட்டகை ஒன்று இருக்கிறது. அதில் காற்று புகாத 10 மீட்டர் தூரம் கிடைத்தது. குறிக்குப் பின்னால் வைக்க, கட்டிக் கிடந்த ரப்பர் ஷீட்டுகளையே அடுக்கிவிடலாம் என்று மருமகன் சொன்னான். அதை நான் கண்டிப்பாக மறுத்தேன். ரப்பர் ஈயத்தைத் தாங்கி நிறுத்தாது, சுட்டவனை நோக்கியே திருப்பி எறியும். தகரப் பெட்டிக்குள் ஈர மணலைச் சாக்கில் கட்டி வைத்து, அதன்முன் பழைய போர்வையைத் தொங்கவிட்டோம். இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தோம். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் காப்பித் தம்ளரைத் தொடுவதில்லை என்பதும் முதல் நாளிலேயே விதியாயிற்று.

வந்த நிலையிலேயே, அவன் வாங்கிய பெல்லட்டையும் அவன் பொருத்திய மலிவான தொலைநோக்கியையும் கொண்டு, அவன் பழகிய விதத்திலேயே சுடச் சொன்னேன். ஐந்து சூடு ஒரு தொகுதி, பத்துத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியிருக்கும் இரண்டு துளைகளின் வெளி விளிம்புகளுக்கிடையே வெர்னியரால் அளந்து, அதிலிருந்து பெல்லட்டின் விட்டமான 4.5 மி.மீ.யைக் கழித்தோம். சராசரி 41 மி.மீ. வந்தது. மிகச் சிறிய தொகுதி 23, மிகப் பெரியது 66. சர்வதேசப் போட்டியில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் குறியின் மொத்த விட்டமே 45.5 மி.மீ.தான், அதில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர். இந்தத் துப்பாக்கி அந்தக் குறி முழுவதையும் துளைத்துக்கொண்டிருந்தது.

அந்த 23 மி.மீ. காகிதத்தை மட்டும் மருமகன் படமெடுத்து வைத்துக்கொண்டான். இளைஞர்களின் இயல்பு அது, புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் ஒரே துப்பாக்கி, ஒரே கை, ஒரே நாளில் 23-ம் 66-ம் வருகிறது என்றால், ஒரு நல்ல தொகுதி எதையும் நிறுவுவதில்லை. அன்று முதல் எல்லாக் காகிதத்துக்கும் எண்ணும் தேதியும் இட்டு, மோசமானவற்றையும் கிழிக்காமல் கோப்பில் சேர்த்தோம். ஒரு மாற்றம் பலன் தந்ததா என்பதைப் பத்துத் தொகுதிகளின் சராசரியை வைத்தே சொல்வது என்றும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்றும் முடிவெடுத்தோம். இரண்டாவது விதியை நானே ஒருமுறை மீறினேன். அதையும் சொல்கிறேன்.

தேங்காய் எண்ணெய்

முதல் நாளிலேயே ஒரு செய்தி காதிலும் மூக்கிலும் பட்டது. சில சூடுகள் மற்றவற்றைவிட உரக்க வெடித்தன. குழலிலிருந்து நீலப் புகை வந்தது. அடுப்படியில் எண்ணெய் கருகும் வாசனை அடித்தது. விசாரித்தபோது, துருப்பிடிக்காமலிருக்க வீட்டுப் பெரியவர் ஒருவர் காற்று வரும் துவாரத்தில் நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டார் என்று தெரிந்தது. பூட்டு, கீல், அரிவாள், தையல் இயந்திரம் என எதற்கும் தேங்காய் எண்ணெய் விட்டுப் பழகிய ஊர் இது. அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார். ஆனால் பிஸ்டன் காற்றை நெருக்கும்போது அக்காற்று கடுமையாகச் சூடேறுகிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாமலே எரிபொருள் பற்றுவதைப் போல அங்கே கிடக்கும் எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஒரு சூட்டில் அதிகமாகவும் மறு சூட்டில் குறைவாகவும் எரிவதால் பெல்லட்டின் வேகம் சூட்டுக்குச் சூடு மாறுகிறது, பிஸ்டன் வாஷரும் கருகிக் கெடுகிறது. தொழிற்சாலையில் தடவிய கிரீஸ் காரணமாகப் புதிய துப்பாக்கிகள் எல்லாமே தொடக்கத்தில் சிறிது புகைவதுண்டு. இங்கே புகைந்தது அதற்கும் மிகுதி.

சுருள்வில்லைக் கழற்றி உட்புறத்தை முழுவதும் துடைக்கலாமா என்று யோசித்தேன். முன்னழுத்தத்தோடு பூட்டப்பட்ட அந்தச் சுருள்வில், அதற்குரிய அமுக்கி இல்லாமல் கழற்றினால் பின்மூடியை முகத்தில் அடிக்கும். பட்டறை அனுபவம் இருப்பதாலேயே அதைச் செய்யவில்லை. துவாரத்தைப் பஞ்சுக் குச்சியால் பலமுறை துடைத்துவிட்டு, குழலைத் தூண்டில்காரர்கள் பயன்படுத்தும் தங்கூஸ் நரம்பில் கட்டிய துணித்துண்டுகளால், பின்வாயிலிருந்து குழல் வாய் நோக்கி, அழுக்கு வராத வரைக்கும் இழுத்தோம். பதினான்கு துண்டுகளுக்குப் பிறகுதான் துணி வெளுப்பாக வந்தது. பிறகு 200 பெல்லட்டுகளை அளவு எடுக்காமல் சுட்டோம். சுமார் நூற்றைம்பதாவது சூட்டுக்குப் பிறகு புகை நின்றது. அதன்பின் எடுத்த பத்துத் தொகுதிகளின் சராசரி 36 மி.மீ. ஆறுதலளிக்கும் முன்னேற்றம் என்று அதைச் சொல்ல முடியாது.

வேகத்தை ஊசலால் அளந்தது

வேகம் சீராகிவிட்டதா என்பதைக் காதால் தீர்மானிக்க முடியாது. வேகமானி வாங்க எங்களுக்கு வசதி இல்லை. 1742-இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்க வெளியிட்ட வெடியியல் ஊசல் முறையையே கையாண்டோம். குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றதும், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள உதயகிரிக் கோட்டையில் டிலனாய் என்ற டச்சு அதிகாரி பீரங்கி வார்க்கத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலம். அந்தக் கோட்டையின் கற்சுவரைத் தாண்டித்தான் தினமும் கடைக்குப் போகிறேன் என்பதால் இது நினைவுக்கு வந்தது.

ஒரு பக்கம் திறந்த சிறு தகரடப்பாவில் களிமண்ணை அடைத்து, மொத்தம் 250 கிராம் வரும்படி எடை பார்த்து, ஒரு மீட்டர் நீளமுள்ள நான்கு நூல்களில் தொங்கவிட்டோம். ஒரே நூலில் கட்டினால் டப்பா சுழன்று கணக்கைக் கெடுக்கும். ஒரு மீட்டர் தள்ளி நின்று, இடையில் துளையிட்ட அட்டை ஒன்றை வைத்துச் சுட வேண்டும். இல்லாவிட்டால் குழலிலிருந்து வரும் காற்றே டப்பாவைத் தள்ளிவிடும். பெல்லட் களிமண்ணில் புதைய, டப்பா பின்னே ஊசலாடுகிறது. அது ஒரு காகித வளையத்தை அளவுகோலின் மேல் தள்ளிக்கொண்டு போய் விடுகிறது. அந்தத் தூரத்தை 3.13-ஆல் பெருக்கினால் டப்பாவின் தொடக்க வேகம் கிடைக்கும். அதை மொத்த எடைக்கும் பெல்லட் எடைக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கினால் பெல்லட்டின் வேகம். எடை தெரிந்த 0.547 கிராம் பெல்லட்டைக் கொண்டு அளந்தபோது 16 செ.மீ. நகர்வு என்பது நொடிக்கு ஏறத்தாழ 230 மீட்டர் வேகத்தைக் குறித்தது. பத்துச் சூட்டில் களிமண்ணோடு ஐந்து கிராமுக்கு மேல் ஈயம் சேர்ந்துவிடும்; அது இரண்டு விழுக்காடு பிழை. எனவே ஐந்து சூட்டுக்கொரு முறை ஈயத்தை எடுத்துவிட்டு மறுபடி எடை பார்த்தோம்.

எண்ணெய் புகைந்த நாளில் நகர்வு 15.2 செ.மீ.க்கும் 18 செ.மீ.க்கும் இடையே ஆடியது. அதாவது ஒரு பெல்லட் நொடிக்கு 218 மீட்டரிலும் இன்னொன்று 258 மீட்டரிலும் பறந்தன. புகை நின்ற பிறகு 15.6 முதல் 16.5 வரை. ஆற்றலைக் கணக்கிட்டால் மிக வேகமான அந்தப் புகைச் சூட்டில்கூட 18 ஜூலைச் சற்றே தாண்டியது. சாதாரணமாக 15 ஜூலுக்குப் பக்கத்தில் நின்றது. சட்ட வரம்பைப் பற்றிய கேள்விக்கு அதோடு விடை கிடைத்தது. ஆற்றலைக் கூட்டக் கனமான சுருள்வில் போடலாம் என்று மருமகனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சட்டத்தை மீறும் வேலை அது. இரட்டை உதைப்பையும் அது பெருக்கும். நான் அனுமதிக்கவில்லை.

திருகாணிகளும் தொலைநோக்கியும்

மரக்கட்டையோடு இரும்புப் பகுதியைப் பிடித்திருப்பவை நான்கு திருகாணிகள். முன்பக்கம் இருபுறமும் இரண்டு, விசைக்காப்பின் முன்னும் பின்னும் இரண்டு. முன்னிரண்டும் ஏறக்குறைய அரைச் சுற்று இளகியிருந்தன. தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்ததா, பத்து நாள் சூட்டில் இளகியதா என்று சொல்வதற்கில்லை. திருகாணித் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவரால் முறுக்கினேன். அதே மாலையில் தொலைநோக்கியின் பிடிப்பான் பின்னோக்கி நகர்ந்திருப்பதையும், அது உராய்ந்த வெள்ளைக் கோட்டையும் கண்டு, அதைக் கழற்றி வைத்துவிட்டுத் துப்பாக்கியோடு வந்த முன்குறி, பின்குறிகளைக் கொண்டே சுடச் சொன்னேன். சராசரி 36-இலிருந்து 24-க்கு இறங்கியது.

மகிழ்ச்சி அரைமணி நேரம்தான் நீடித்தது. எந்த மாற்றத்தால் இறங்கியது என்று மருமகன் கேட்டான். என்னால் சொல்ல முடியவில்லை. மாணவர்களுக்கு முப்பது ஆண்டு சொல்லிக்கொடுத்ததை நானே மறந்து இரண்டை ஒரே நாளில் மாற்றியிருந்தேன். மறுவாரம் தொலைநோக்கியை மறுபடி பொருத்தி, திருகாணிகள் இறுக்கமாக இருக்கும் நிலையில் சுட்டபோது 29. கழற்றிய பின் 25. பெரும்பங்கு திருகாணிகளுடையது என்பது அப்போது தெளிந்தது. பிறகு அவற்றை வெளியே எடுத்து, எண்ணெய் போகத் துடைத்து, மறுபடி கழற்றக்கூடிய வகைத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு மாட்டினேன். நிரந்தரமாகப் பிடிக்கும் பசையை இங்கே பயன்படுத்தக் கூடாது. அதைக் கழற்றத் திருகாணியைச் சூடேற்ற வேண்டியிருக்கும், அருகிலுள்ள மரம் கருகும்.

பிடிக்கும் முறை

இந்தச் சோதனையில் ஒரு பைசா செலவில்லாமல் மிகப் பெரிய பலனைத் தந்தது இதுதான் என்பதால் இதை விரித்துச் சொல்கிறேன். மருமகன் துப்பாக்கியின் முன்கட்டையை மணல் மூட்டையின் மேல் அழுத்தி வைத்து, இடது கையால் இறுகப் பற்றி, தோளோடு இழுத்துப் பிடித்துச் சுட்டான். அசையாமல் பிடித்தால் குறி தவறாது என்பது பொதுவான எண்ணம். சுருள்வில் துப்பாக்கியில் அது தலைகீழ். பெல்லட் குழலுக்குள் இருக்கும்போதே துப்பாக்கி நகர்ந்தே தீரும். அந்த நகர்வை நம்மால் தடுக்க இயலாது. ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரி நகரும்படி விட்டுவிடத்தான் இயலும். இறுகப் பிடிக்கும் கை ஒரு சூட்டில் சற்றுக் கூடுதலாகவும் மறு சூட்டில் சற்றுக் குறைவாகவும் இறுகுகிறது. அந்த வேறுபாடு காகிதத்தில் சென்டிமீட்டராகத் தெரிகிறது. மணல் மூட்டை தரும் எதிர்ப்பும் கை தரும் எதிர்ப்பும் வேறு வேறாதலால், மூட்டையில் வைத்துச் சரிசெய்த குறி கையில் எடுத்ததும் மாறிவிடுகிறது.

எனவே மூட்டையின் மேல் இடது கையின் புறங்கையை வைத்து, விரித்த உள்ளங்கையில் துப்பாக்கி தன் எடையாலேயே சமநிலையில் நிற்கும் இடத்தைக் கிடத்தினோம். விரல்கள் சுற்றிப் பிடிக்கவில்லை. வலது கை பிடியை ஒரு முட்டையைப் பிடிப்பதுபோல் தொட்டுக்கொண்டிருக்கும், கன்னம் கட்டையில் பாரம் போடாமல் படிந்திருக்கும், தோள் வெறுமனே தொட்டிருக்கும். உள்ளங்கை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வர, கட்டையின் அடியில் ஒட்டும் நாடாவால் ஓர் அடையாளம் வைத்தோம். விசையை இழுத்த பிறகும் மனத்துக்குள் இரண்டு எண்ணும் வரை குறியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. முதல் ஞாயிறு அவனுக்கு இது பிடிபடவே இல்லை. சராசரி 27 ஆகக் கூடியது. இரண்டாம் ஞாயிறு 20. மூன்றாம் ஞாயிறு 17. துப்பாக்கியில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் கிடைத்த 8 மி.மீ. அது.

பெல்லட்

அவன் வாங்கியிருந்தது விலை குறைந்த தட்டைத்தலைப் பெல்லட். நாகர்கோவிலில் நகைப் பட்டறை வைத்திருக்கும் நண்பரின் மில்லிகிராம் தராசில் ஐம்பதை எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்தோம். மிகக் குறைந்தது 0.46 கிராம், மிகக் கூடியது 0.53 கிராம். பாவாடை போல விரிந்த பின்பகுதி பலவற்றில் டப்பாவுக்குள் குலுங்கி நசுங்கியிருந்தது. எடையில் ஏழில் ஒரு பங்கு வேறுபட்டால் வேகமும் வேறுபடும், விழும் உயரமும் வேறுபடும். பிறகு வட்டத்தலையுள்ள ஜே.எஸ்.பி. எக்ஸாக்ட் 0.547 கிராம் வகையையும், தட்டைத்தலையுள்ள ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் 0.53 கிராம் வகையையும் வரவழைத்துச் சுட்டோம். முதலாவதில் சராசரி 11 மி.மீ., இரண்டாவதில் 13. விலையுயர்ந்த பெல்லட் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒத்துப்போகும் என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. ஒவ்வொரு குழலும் தனக்குப் பிடித்ததைத் தானே தேர்கிறது. ஒரே தொழிற்சாலையின் அடுத்த துப்பாக்கிக்கு வேறொன்று ஒத்துவரலாம். பெல்லட்டைக் கட்டைவிரலால் சாய்வில்லாமல் அமிழ்த்தி, பின்விளிம்பு குழலின் முகத்தோடு சமமாக நிற்கும்படி வைப்பதையும் பழக்கினேன்.

பின்வாய், அச்சாணி, குழல் வாய்

குழல் மடங்கும் மூட்டில் காற்று கசிகிறதா என்று பார்க்க, மூட்டின் மேல் மெல்லிய சிகரெட் தாளைத் துண்டாக்கி வைத்துச் சுட்டோம். தாள் பறந்தது. பின்வாயைச் சுற்றியுள்ள ஓ ரிங் என்ற அடைப்பு வளையம் தன் பள்ளத்துக்குள் சற்றே அமிழ்ந்திருந்தது. அதை ஊசியால் எடுத்து, அடியில் செம்புக் கம்பியின் ஒற்றை மெல்லிழையை வளையமாக்கி வைத்து மறுபடி பொருத்தியதும் தாள் அசையவில்லை. ஊசலின் நகர்வு 16.0 முதல் 16.4 செ.மீ.க்குள் அடங்கியது. தொகுதியின் சராசரி 11-இலிருந்து 10-க்கு மட்டுமே வந்தது. 10 மீட்டரில் வேக வேறுபாடு அதிகம் தெரிவதில்லை. தூரம் கூடும்போதுதான் இதன் அருமை தெரியும்.

அச்சாணித் திருகாணியையும் சரிபார்த்தேன். சுருள்வில்லை ஏற்றிய பிறகு குழலைப் பாதி மூடிய நிலையில் வைத்துப் பிடியைச் சற்றே தளர்த்தினால் அது தன் எடையால் விழாமல் அங்கேயே நிற்க வேண்டும். பக்கவாட்டில் ஆடக் கூடாது. இங்கே சிறிய ஆட்டம் இருந்தது. கால் சுற்றில் அது நின்றது. இந்தச் சோதனையின்போது ஒரு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும், மறு கை விசைக்கு அருகிலேயே போகக் கூடாது. திறந்த குழல் தற்செயலாக விடுபட்டால் விரலை நசுக்கும் வேகத்தில் மேலே அடிக்கும், குழலும் வளைந்துவிடும்.

குழல் வாயின் உள்விளிம்பில் பஞ்சைச் சுற்றினால் ஓரிடத்தில் நூல் சிக்கியது. பெல்லட் கடைசியாகத் தொடும் இடம் அது. ஒரு பக்கம் பிசிறு இருந்தால் காற்று அந்தப் பக்கம் முந்தியோ பிந்தியோ வெளியேறிப் பெல்லட்டைத் தட்டிவிடும். உருண்டைத் தலைப் பித்தளைத் திருகாணி ஒன்றை மெதுவாகச் சுழலும் கைத் துரப்பணத்தில் மாட்டி, மார்த்தாண்டத்தில் எஞ்சின் வால்வு தேய்க்கப் பயன்படுத்தும் பசையில் மென்மையான வகையைத் தடவி, துரப்பணத்தைச் சிறு வட்டமாக அசைத்துக்கொண்டே ஓரிரு நிமிடம் தேய்த்தேன். பசைத்துகள் உள்ளே போகாமலிருக்கக் குழலுக்குள் ஈரத்துணி அடைத்திருந்தது. பஞ்சு சிக்குவது நின்றது. சராசரி 8 மி.மீ.

விசை

மீன் கடையில் பயன்படும் ஸ்பிரிங் தராசை விசையில் கொளுவி இழுத்தபோது 2.6 கிலோவில் விடுபட்டது. வழிமுறைத் தாளில் குறிப்பிட்ட திருகாணியைக் கொண்டு விசை விடுபடுவதற்கு முன் வரும் கடைசி இழுப்பான இரண்டாம் கட்டத்தின் நீளத்தைக் குறைத்ததில் 1.8 கிலோவுக்கு வந்தது. அங்கே நிறுத்தினேன். கொக்கியின் முகத்தைத் தேய்த்து இன்னும் இலகுவாக்கலாம் என்ற யோசனை வந்தது. கடினப்படுத்திய மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டால் அந்தக் கொக்கி சில நூறு சூட்டில் வழுக்கத் தொடங்கும், அப்புறம் யாரும் தொடாமலே துப்பாக்கி சுடும். போட்டியில் இரண்டு புள்ளி கிடைப்பதற்காக ஒரு கண்ணைப் பணயம் வைக்க என்னால் இயலாது. மாற்றத்துக்குப் பிறகு, பெல்லட் இட்டு, குழல் வாயை மணலை நோக்கி வைத்து, கட்டையின் பின்புறத்தை ரப்பர் சுத்தியலால் பல கோணங்களில் தட்டிப் பார்த்தேன். விடுபடவில்லை. பெல்லட் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. தற்செயலாக விடுபட்டால் எதிர்க்க எதுவும் இல்லாத பிஸ்டன் முன்சுவரில் மோதி வாஷரையும் சுருள்வில்லையும் கெடுக்கும்.

25 மீட்டர்

மார்ச் மாதக் கடைசியில் விளையின் ஓரத்திலுள்ள செம்மண் வெட்டுக்கரையை முதுகாக வைத்து 25 மீட்டரில் சுட்டோம். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று மே மாதக் கடைசியில்தான் வலுப்பெறும்; ஆனாலும் எங்கள் பக்கம் பத்து மணிக்கு மேல் தென்னை ஓலை அசையத் தொடங்கிவிடும் என்பதால் காலை ஆறரைக்குத் தொடங்கினோம். சராசரி 24 மி.மீ. காற்று எழுந்த பிறகு வேண்டுமென்றே இரண்டு தொகுதி சுடச் சொன்னேன். தொகுதிகள் அகலமாகி, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விலகின. இந்த வேகத்தில் பெல்லட் 25 மீட்டரைக் கடக்க ஒன்பதில் ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கிறது. அதற்குள் குழலின் நேர்கோட்டிலிருந்து 6 செ.மீ. கீழே இறங்கியும் விடுகிறது. 10 மீட்டரில் சரிசெய்த பின்குறியை இங்கே மாற்ற வேண்டியிருந்தது. எத்தனை சொடுக்கு என்று கட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தான்.

ஜூன் மாதம்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு துப்பாக்கியை மறுபடி கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கடற்காற்றும் இரண்டு பருவமழையும் உள்ள நம் மாவட்டத்தில் இரும்பைத் துடைக்காமல் வைத்தால் ஒரு வாரத்தில் செம்புள்ளி படரும். வெளிப்புறத்தை ஒவ்வொரு முறையும் கைரேகை போகத் துடைத்து மெல்லிய எந்திர எண்ணெயைத் துணியில் ஒற்றித் தடவுவது, அதைக் காற்றுத் துவாரத்துக்கு அருகில் கொண்டுபோகாதிருப்பது, நுரைமெத்தை வைத்த பையில் மூடி வைக்காமல் காற்றாட நிறுத்துவது என்று சொல்லியனுப்பியிருந்தேன். குழலில் துரு இல்லை. மரக்கட்டை மட்டும் ஈரத்தில் சற்று ஊதியிருந்தது.

பத்துத் தொகுதியின் சராசரி 12 மி.மீ. இருந்தது. 8-ஆக இருந்த துப்பாக்கி அது. மருமகன் பெல்லட்டைச் சந்தேகித்தான், பிறகு தன் பிடியைச் சந்தேகித்தான். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தேன். பசை இட்டிருந்தும், மரம் ஈரத்தில் ஊதுவதும் வெயிலில் சுருங்குவதுமாக இருந்ததில் முன்பக்க இடது திருகாணி கால் சுற்று இளகியிருந்தது. முறுக்கிவிட்டுச் சுட்டான், 9. அவனுடைய தங்கையின் நகப்பூச்சை வாங்கி வந்து, நான்கு திருகாணித் தலைகளிலிருந்தும் கட்டையின் மேல்வரை ஒரு மெல்லிய சிவப்புக் கோடு இட்டோம். கோடு ஒடிந்து தெரிந்தால் திருகாணி நகர்ந்திருக்கிறது என்று சுடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.